லொறியின் கெபின் முடிந்துவிட்டது

லொறி முடிந்துவிட்டதா என்று பள்ளிவாசல் முற்றத்திலும் சந்தையிலும் மறித்துக் கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்: லொறி முடியவில்லை, கெபின் முடிந்துவிட்டது. எஞ்சின் இன்னும் கொட்டிலில் மரக்கட்டைகளுக்கு மேலே இருக்கிறது. பிரேக் வேலை தொடங்கவே இல்லை. ஆனால் கதவைத் திறந்து ஏறி, சீற்றில் இருந்து, கண்ணாடியால் வெளியே பார்க்கலாம். நாலு வருடத்துக்கு இதுவே பெரிய காரியம், அல்ஹம்துலில்லாஹ்.

நாங்கள் என்றால் மூன்று சகோதரர்கள். மூத்தவருக்கு வயல். இளையவன் வயரிங் வேலை செய்கிறவன். நடுவில் உள்ளவன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், இதை எழுதுகிறவனும் அவன்தான். எந்த வேலையை யார் செய்தது என்று பிரித்து எழுதினால் வீட்டில் சண்டை வரும் என்பதால் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறது.

கிண்ணியாவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த லொறியைத் தெரியும். 'மூக்குச் சப்பை லொறி' என்பார்கள். இது இரண்டாம் உலக யுத்தத்தில் கனடாவில் செய்யப்பட்ட செவர்லே இராணுவ லொறி. பிரித்தானிய இராணுவம் தனக்கு இப்படித்தான் வேண்டும் என்று ஒரே மாதிரியை எழுதிக் கொடுக்க, ஒஷாவா நகரில் ஜெனரல் மோட்டர்ஸும் வின்ட்சர் நகரில் போர்ட் கம்பெனியும் அந்த மாதிரிக்கே செய்து கொடுத்தார்கள். அதனால் எஞ்சின் வேறு வேறாக இருந்தாலும் கெபின் இரண்டுக்கும் ஒன்றுதான். யுத்தம் முடியும்போது கனடா எல்லா வகையிலுமாக 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்திருந்தது. வட ஆபிரிக்கா, இத்தாலி, இந்தியா, பர்மா என்று அவை போகாத இடம் குறைவு. ஆங்கிலேயருக்காகச் செய்ததால் ஸ்டியரிங் வலப்பக்கம். அதுதான் யுத்தத்துக்குப் பிறகு எங்கள் நாட்டு வியாபாரிகளுக்கு வசதியாகிப் போனது.

இந்த லொறியின் கெபினில் மூன்று வகை உண்டு: 11, 12, 13 ஆம் இலக்கங்கள். எங்களுடையது 13. அதை அடையாளம் காண லேசான வழி முன்கண்ணாடி. மற்ற லொறிகளின் கண்ணாடி மேல்பக்கம் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். இது மேல்பக்கம் முன்னுக்குத் தள்ளி, கீழ்ப்பக்கம் உள்ளுக்குப் போயிருக்கும், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தரையைப் பார்க்கிற ஆளைப்போல. சின்ன வயதில் இது கோபக்கார லொறி என்று நினைத்திருந்தோம். காரணம் வேறு. வெயில் கண்ணாடியில் பட்டு மேலே பளிச்சென்று அடித்தால் பறக்கிற விமானத்துக்கு லொறி நிற்கிற இடம் தெரிந்துவிடும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்துக்கும் சீனக்குடாவுக்கும் யப்பான் விமானங்கள் குண்டு போட்டதை எங்கள் வாப்பும்மா கதையாகச் சொல்வார். அந்தக் காலத்து விமானப் பயம் ஒரு கண்ணாடியின் சாய்வில் அப்படியே இருக்கிறது என்பது எங்களுக்கு வயது போன பிறகுதான் விளங்கியது.

யுத்தம் முடிந்ததும் மிஞ்சியவற்றை விற்றார்கள். திருகோணமலை வியாபாரி ஒருவர் வாங்கிப் பதிந்திருக்கிறார். நம்பர் 'ஸ்ரீ' வருவதற்கு முந்தியது, இரண்டு ஆங்கில எழுத்தோடு. அவரிடமிருந்து எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, 1961 இல் வாங்கினார். பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டினதும் அவர்தான். வாப்பா இருபத்தொரு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். 3 தொன் என்று எழுதியிருந்த லொறியில் அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினார் என்று கேட்டால் இன்றைக்கும் நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் நெல்லெல்லாம் இதில்தான் வந்தது. பாலம் இல்லாத காலம். பாலம் 2009 இல்தான் வந்தது. அதற்கு முந்தி திருகோணமலைப் பக்கம் போவதென்றால் பாதையில் லொறியை ஏற்றிக் கடலைக் கடக்க வேண்டும். காற்று அடிக்கிற நாளில் உப்புத் தண்ணீர் கெபினுக்குள்ளேயே தெறிக்கும்.

1990 இல் எல்லாம் நின்றது. டீசல் இல்லை, வீதி இல்லை, சனம் ஊர் விட்டு ஊர் ஓடிய காலம். லொறி வீட்டுக்குப் பின்னால் புளிய மரத்துக்குக் கீழே ஏறி நின்றது. முப்பத்தொரு வருடம் அங்கேயே நின்றது. கோழி முட்டையிட்டது, பூனை குட்டி போட்டது, நாங்கள் மூவரும் அதில் 'ட்ரைவர் விளையாட்டு' விளையாடி வளர்ந்தோம், எங்கள் பிள்ளைகளும் விளையாடினார்கள்.

வேலையை 2021 டிசம்பர் விடுமுறையில் தொடங்கினோம். காரணம் வாப்பாவின் கண். சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி இடக்கண் போய், வலக்கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அஸருக்குப் பிறகு புளிய மரத்தடிக்குப் போய்க் கதவில் கையை வைத்தவர், தகடு உள்ளுக்குப் போகவும் கையை இழுத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் கோழிகளைக் கிளப்பினோம்.

முதலில் சீற். ஒரு பழைய சீற்றைப் பிரிப்பது குழி தோண்டுகிற மாதிரி. மேலே சிவப்பு ரெக்சின், அது 80களில் திருகோணமலைக் குஷன் கடையில் போட்டது. அதற்குக் கீழே கறுப்பு ரெக்சின், தையல் பிரிந்து நைலோன் நூலால் தைத்தது, வாப்பாவின் கைத் தையல், வலைக்காரரின் முடிச்சு. அதற்குக் கீழே சாக்கு. ஒரு அரிசி மில்லின் பெயர் பாதி அழிந்து தெரிந்தது. அதற்குள் தேங்காய்த் தும்பு, வியர்வையும் ஒயிலும் சேர்ந்து பலகையாக இறுகிப்போயிருந்தது. கடைசியில், ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு, கித்தான் துண்டு ஒன்று. நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை, மடிப்புக்குள் மட்டும் கொஞ்சம் பச்சை. கனடாவில் யாரோ ஒரு பெண்ணோ ஆணோ மெசினில் ஓட்டிய தையல் அதில் நேர்கோடாக இருந்தது.

இதற்கிடையில் விழுந்து கிடந்தவை: இரண்டு சதக் காசு, பீடிக் கட்டின் லேபல், பேரீச்சங்கொட்டை, கோழி முட்டை ஓடு, ஒரு வளையல் துண்டு. வளையலைக் கண்டதும் உம்மா வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போனார். கலியாணம் முடித்த புதிதில் கந்தளாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாராம் என்று பிறகு வாப்பா சொன்னார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான உம்மாவும் இல்லை அவர்.

கழற்றுகிற ஒவ்வொன்றையும் பழைய மாவு டின்களில் போட்டு, இலக்கம் ஒட்டி, கொப்பியில் படம் கீறி வைத்தோம். கல்வியியற் கல்லூரியில் பாடக் குறிப்பு எழுதி எழுதி வந்த வியாதி இது. மற்ற இருவரும் சிரித்தார்கள். மூன்று வருடம் கழித்து 41 ஆம் டின்னைத் திறந்து கதவுக் கொக்கியின் நாலு ஸ்குருவையும் எடுத்தபோது சிரிப்பு நின்றது.

கழற்றுவது என்று சும்மா எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அதற்கே ஒரு வருடம் போனது. இது அங்குலக் கணக்கு லொறி. ஊரில் எல்லோரிடமும் உள்ளது மில்லிமீற்றர் ஸ்பானர். 13 மில்லிமீற்றரை அரை அங்குல நட்டில் போட்டால் பிடிக்கிற மாதிரித் தெரியும், கொஞ்சம் பலம் கொடுத்ததும் மூலையை வழித்துவிடும். அதற்குப் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய அங்குல ஸ்பானர் செற் ஒன்று தேடி வாங்கினோம். அதன்பிறகு மண்ணெண்ணெயும் பிரேக் ஒயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுவது, சூடாக்குவது, தட்டுவது, மறுபடி ஊற்றுவது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது. எங்கள் மூத்தவருக்குப் பொறுமை இல்லை. அவரை எமரி பிடிக்க விட்டோம்.

சின்னச் சாமான்களின் கறளை எடுக்க இளையவன் ஒரு வழி கண்டான். பிளாஸ்டிக் பேசனில் தண்ணீர், சலவைச் சோடா, ஒரு பழைய இரும்புத் துண்டு, பற்றரி சார்ஜர். கறள் பிடித்த சாமானில் சார்ஜரின் கறுப்பு வயரையும் இரும்புத் துண்டில் சிவப்பு வயரையும் மாட்டி, இரவு முழுக்க விட்டால் காலையில் கறள் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். நல்ல இரும்பை அது தொடாது. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: வெளியில் காற்றோட்டத்தில் வையுங்கள், அதிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கும். கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் கரண்டியைச் சிவப்பு வயரில் மாட்டாதீர்கள், தண்ணீர் நஞ்சாகிவிடும். அதேபோலப் பழைய பெயின்ற்றைச் சுரண்டும்போது முகக்கவசம் போடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருக்கும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை நாங்கள்.

இடப்பக்கக் கதவு தூக்க முடியாத பாரம். உள்தகட்டைக் கழற்றினால் கீழ்ப்பகுதி முழுக்க மண், காய்ந்து செங்கல்லாக. எங்கள் ஊர் மண் இல்லை, நல்ல களி. வாப்பாவிடம் ஒரு துண்டை உடைத்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தோம். விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"கந்தளாய்க் குளத்து மண்டா இது. கொளம் ஒடச்ச அண்டைக்கி லொறி தம்பலகாமத்தில மில்லடியில நிண்டிச்சி."

1986 ஏப்ரல் 20. குளக்கட்டு உடைத்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாள். லொறி கழுத்தளவு தண்ணீரில் நின்றதாம். வாப்பாவும் கிளீனரும் மில்லின் கூரையில் ஒரு இரவும் பகலும். இந்தக் கதையை எங்களுக்கு அவர் அதுவரை சொன்னதில்லை. முப்பத்தைந்து வருடம் கதவுக்குள் கிடந்த மண் கையில் வந்த பிறகுதான் சொன்னார். கிளீனரின் மச்சான் குடும்பத்தில் திரும்பி வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினார்.

அந்த மண்தான் கதவின் அடித்தகட்டைத் தின்றிருந்தது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே கறள் வந்திருக்கிறது. தரைத்தகடும் அப்படியே, ட்ரைவரின் குதிக்கால் படுகிற இடத்தில் ஓட்டை. இந்தக் கெபினில் எஞ்சின் பாதி உள்ளே புகுந்திருப்பதால் கால் வைக்கிற இடமே ஒடுக்கம், கிளச்சும் பிரேக்கும் அக்சிலேற்றரும் நெருங்கி நிற்கும். பெரிய சப்பாத்துப் போட்ட கனடாக்காரன் எப்படி மிதித்தான் என்று தெரியாது, வாப்பா வெறுங்காலால் மிதித்தார். ஆபிரிக்கப் பாலைவனத்தில் நீண்ட தூரம் உளவு பார்க்கப் போன பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்று, இதே கனடா போர்ட், செவர்லே லொறிகளில் கதவையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் ஓடியதாம். நாங்கள் ஒரு கதவுக்கு ஐந்து மாதம் செலவழித்தோம்.

2022 இல் வேலை நின்றது. கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பெற்றோலுக்கு கியூ. அந்த வருடத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை.

அடுத்த வருடம் தகடு ஒட்டுவதற்குத் தம்பலகாமத்திலிருந்து ஒரு அண்ணனைக் கூட்டி வந்தோம். தமிழ் ஆள், அறுபதை நெருங்கியவர், மெல்லிய தகட்டில் அவர் கை போல எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஓடாது. மெல்லிய தகட்டை ஒரே இழுவையாக ஒட்டினால் சூட்டில் நெளிந்து அப்பளமாகிவிடும். அவர் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு என்று வைப்பார், ஆறவிடுவார், தேத்தண்ணி குடிப்பார், பிறகு இடையில் ஒரு பொட்டு. ஒரு நாளைக்கு ஒரு அடி. கூலியை நாள் கணக்கில் பேசியிருந்த எங்களுக்கு முதல் வாரம் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேலையைப் பார்த்த பிறகு பேசாமல் இருந்துவிட்டோம்.

ஒட்டு வேலை முடிகிற நாளில்தான் கலர் பேச்சு வந்தது.

அதற்கு முந்தி ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து லொறியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பழைய இராணுவ வாகனம் சேர்க்கிறவர். யுத்த காலத்தில் இருந்தபடியே செய்து முடித்தால், பச்சைக் கலர், இலக்கங்கள், உள்ளே துப்பாக்கி மாட்டுகிற கொக்கி எல்லாத்தோடும், நல்ல விலை தருவதாகச் சொன்னார். விலையைக் கேட்டு மூத்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு.

பின்சுவரில் ஒரு இடத்தை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தோம். மேலே வாப்பா அடித்த வானநீலம். கீழே வியாபாரி அடித்த செங்காவி. அதற்குக் கீழே மங்கின பச்சை. திரும்பவும் பச்சைதான் அடிக்க வேண்டும், அதுதான் அசல் என்று எங்களில் ஒருவர் சொன்னார். இல்லை, லொறி இராணுவத்தில் இருந்தது கூடிப்போனால் மூன்று நாலு வருடம், எங்கள் வீட்டில் ஓடியது இருபத்தொன்பது வருடம், அசல் எது என்று மற்றவர் கேட்டார். குரல் கூடிக்கொண்டே போனது.

ஒட்டுகிற அண்ணன் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேலே விட்டுக்கொண்டு சொன்னார்:

"சேர், பச்சை மட்டும் வேண்டாம். வேற என்ன கலர் எண்டாலும் நானே காசில்லாம அடிச்சுத் தாறன்."

ஏன் அண்ணன் என்று கேட்டோம்.

"அந்தக் கலர் லொறி எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தா, திரும்பிப் போகேக்க பாரம் கூடியிருக்கும் சேர்."

அவ்வளவுதான் சொன்னார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடுத்த பொட்டை வைத்தார். அஸர் பாங்கு சொன்னது, நாங்கள் தொழப் போனோம். தொழுதுவிட்டு வரும்போது பள்ளிவாசல் சுவரடியில் மூவரும் நின்று இரண்டு வார்த்தை பேசினோம். நீலம் என்று முடிவானது. கொழும்புக்காரருக்கு மூத்தவரே போன் எடுத்துச் சொன்னார். வீட்டில் அவர் மனைவியிடம் என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

கொக்கிக் கதை வேறு. ட்ரைவர் சீற்றுக்குப் பின்னால், துப்பாக்கியை நிமிர்த்தி மாட்டி வைக்க இரும்புக் கொக்கி இரண்டு உண்டு. வாப்பா இருபது வருடத்துக்கு மேல் அதில் குடைதான் மாட்டி வைத்திருந்தார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் வேறு கண்ணால் பார்க்கப் பழகினோம். குர்பான் கத்தி, பழைய சீடி, அரபு எழுத்து உள்ள கொப்பி, எதை வைப்பது எதை எரிப்பது என்று தெரியாத நாட்கள். உம்மாவுக்கு லொறி நினைவு வந்தது. இராணுவ லொறி, அதற்குள் துப்பாக்கிக் கொக்கி.

"அத ரெண்டையும் கழட்டிக் கடலுக்க போடுங்க மன" என்றார்.

"அப்ப என்ட கொடைய எங்க மாட்டுற?" என்று வாப்பா கேட்டார். லொறி ஓடி இருபத்தொன்பது வருடம் கழித்து.

உம்மா அவரோடு தர்க்கம் பண்ணவில்லை. இருட்டினதும் தன் குடையை எடுத்துக்கொண்டு போய் அதில் மாட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து வந்தவர்கள் வீட்டைப் பார்த்து, கொட்டிலைப் பார்த்து, கடைசியில் லொறிக்குள்ளும் டோர்ச் அடித்தார்கள். ஒருவர் கொக்கியைத் தொட்டு இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "குடே" என்றான் இளையவன். அவர் குடையைக் கழற்றி, விரித்துப் பார்த்து, சுருக்கி, அதே இடத்தில் மாட்டினார். அவர் சிரித்தாரா இல்லையா என்பதில் எங்கள் மூவருக்கும் இன்றுவரை மூன்று கருத்து.

கொக்கிகளைச் சோடாத் தண்ணீரில் போட்டு, பெயின்ற் அடித்து, அதே இடத்தில் பூட்டியிருக்கிறோம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முன்கண்ணாடி இரண்டும் வளைவில்லாத தட்டைக் கண்ணாடி என்பதால் திருகோணமலையில் அளவு கொடுத்து லேமினேட் கண்ணாடியில் வெட்டுவித்தோம். ஸ்டியரிங் வளையத்தின் கறுப்புப் பூச்சு துண்டு துண்டாக வெடித்திருந்தது. வெடிப்புகளை அரத்தால் அகலமாக்கி எபொக்சி நிரப்பி ராவினோம். வாப்பாவின் வலக்கைப் பெருவிரல் படிந்து தேய்ந்த பள்ளம் ஒன்று இருக்கிறது, அதை நிரப்பவில்லை. டேஷ்போர்ட்டில் எண்ணெய் அழுத்த மானிக்கு மின்சாரமே தேவையில்லை, குழாய் வழியே நேராக வேலை செய்கிறது, சுத்தம் செய்ததே போதும். பற்றரி ஓட்டம் காட்டும் மானியும் அப்படியே சரி. டீசல் காட்டுகிற மானிதான் தலையிடி. லொறி 6 வோல்ட்டுக்குச் செய்தது, அப்பா காலத்திலேயே 12 ஆக்கிவிட்டார்கள், அன்றிலிருந்து தாங்கி எப்போதும் நிறைந்திருப்பதாகவே அது காட்டிக்கொண்டிருந்ததாம். இளையவன் இடையில் தடை ஒன்றைப் பூட்டி அதற்கு உண்மை பேசப் பழக்கினான். பின்சுவரில் சுரண்டிப் பார்த்த இடத்தை, உள்ளங்கை அளவு, மூடாமல் விட்டிருக்கிறோம். நீலம், செங்காவி, பச்சை மூன்றும் தெரிகிறது. மேலே வோர்னிஷ் மட்டும்.

இந்தச் சித்திரை விடுமுறையில் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். வலக்கண்ணிலும் இப்போது வெளிச்சம் மட்டும்தான். ஏறுவதற்குப் பலகை வைத்திருந்தோம், வேண்டாம் என்றார். இடக்கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, வலக்காலைப் படியில் வைத்து, ஒரு எட்டில் ஏறிவிட்டார். எழுபத்தெட்டு வயது. இருந்தார். சீற்றைத் தட்டினார்.

"தும்பு போடல்லயா?"

ரப்பர் பஞ்சு என்றோம். "வேர்க்கும்" என்றார்.

கை ஒவ்வொன்றாகப் போனது. ஹேண்ட் பிரேக், முன்சில்லு சேர்க்கிற கம்பி, லைட் சுவிட்ச். கியர்க் கம்பியின் மேல் குமிழைப் பிடித்ததும் கையை எடுத்துவிட்டார். "இது என்ட இல்ல." உண்மைதான். பழைய குமிழ் வெடித்திருந்ததால் ஓடாவியிடம் முதிரை மரத்தில் கடைந்தெடுத்தது. பழையதை 17 ஆம் டின்னில் தேடி எடுத்துக் கொடுத்தோம். வெடிப்போடேயே பூட்டச் சொன்னார், பூட்டியாயிற்று. ஸ்டியரிங்கில் பெருவிரல் பள்ளத்தைக் கண்டுபிடித்தபோது ஒன்றும் சொல்லவில்லை, விரலை எடுக்கவும் இல்லை.

"ஆருக்குடா இதுல கியர் மாத்தத் தெரியும்?" என்று கேட்டார் கொஞ்ச நேரம் கழித்து.

ஒருத்தருக்கும் தெரியாது. இதில் கியரை இப்போதைய வாகனம் மாதிரி மாற்ற முடியாது. கிளச்சை மிதித்து நியூட்றலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, எஞ்சினின் வேகத்தைப் பார்த்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குப் போட வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் பல்லோடு பல் அடித்துக் கத்தும். எஞ்சின் வரட்டும் வாப்பா, இன்ஷா அல்லாஹ் அப்போது பழகுவோம் என்றோம்.

"எஞ்சின் வாற நேரம் நான் இரிக்கனோ என்னவோ. இப்பவே ஏறு."

இளையவன் ட்ரைவர் சீற்றில் ஏறினான். வாப்பா கிளீனர் பக்கம் மாறி இருந்தார், அந்தச் சீற்றில் அவர் இருந்ததை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். கையை இவன் கைக்கு மேலே வைத்துக்கொண்டு மிதி, எடு, விடு, மிதி, போடு என்றார். இவன் செய்தான். பிழை என்றார். மறுபடி செய்தான். அதுவும் பிழை.

"சத்தம் இல்லாம எப்படிடா மாத்துவ? எஞ்சின் சத்தத்தக் கேட்டுத்தான் மாத்தோணும். சத்தம் போடு."

முப்பத்திரண்டு வயது ஆள், இரண்டு பிள்ளைகளின் வாப்பா, மெல்ல "ட்ர்ர்ர்" என்றான். கூட்டு என்றார் வாப்பா. இன்னும் கூட்டு. மதிலுக்கு மேலே அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. மூன்றாம் கியரில் கந்தளாய் ஏற்றம் ஏறிக்கொண்டிருக்கிறான் இவன், நெற்றியெல்லாம் வியர்வை. வாப்பா காதைச் சரித்து வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"இப்ப. இப்ப எடு."